நடக் கூப்பிட்டார்கள், அறுக்கச் சொன்னார்கள்

பரீட்சை எழுதி, நேர்காணலில் தேறி, ஓராண்டு பயிற்சியும் முடித்த பிறகுதான் வயலில் கால் வைக்கலாம் என்று ஓர் ஊர் இருந்தது. ஜப்பானின் வடக்கே, அகிதா மாநிலத்துக் கடலோரத்தில் உள்ள ஒகாதா. ஏரியை வற்றவைத்து உண்டாக்கிய ஊர். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஊரார் வேடிக்கையாக ஒரு மண்குன்று கட்டி வைத்திருக்கிறார்கள். ஃபூஜி மலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 3.776 மீட்டர் உயரம். மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். உச்சியில் போய் நின்றால்தான் கடலும் நாமும் சரிமட்டம்.

ஹச்சிரோகாதா என்ற அந்த ஏரி 220 சதுர கிலோமீட்டர். அன்று ஜப்பானில் பரப்பளவில் இரண்டாவது பெரிய ஏரியாக இருந்தது. ஆழமோ 5 மீட்டரைத் தொடாது. போர் முடிந்து சோற்றுக்கு அல்லாடிய நாடு, ஏரியை வயலாக்கினால் என்ன என்று கணக்குப் போட்டது. இந்த வேலையில் கரைகண்ட டச்சுக்காரர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டது. 1957-ல் வேலை தொடங்கியது. அடியில் இருந்தது புதைசேறு. கொட்டிய மண்ணெல்லாம் உள்ளே போகும். அதனால் சேற்றை வாரி எடுத்துவிட்டு மணலை நிரப்பி, அதன்மேல் 52 கிலோமீட்டருக்குக் கரை போட்டார்கள். பிறகு பம்புகளை ஓடவிட்டு உள்ளே இருந்த நீரை இறைத்தார்கள். இன்றைக்கும் அவற்றை ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் ஊர் ஊராக இருக்கும். 1964 அக்டோபரில் ஒகாதா கிராமம் உதயமானபோது பதிவேட்டில் இருந்தவர்கள் 6 குடும்பம், 14 பேர்.

பொறியியல் சாதனைக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அதைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. அந்தக் கரைக்குள்ளே குடியேறியவர்களுக்கு நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

ஹொக்கைடோ முதல் ஒகினாவா வரை பல மாநிலங்களிலிருந்து மனுப் போட்டார்கள். ஒரு சராசரி ஜப்பானிய விவசாயிக்கு அன்று ஒரு ஹெக்டேர் இருந்தாலே பெரிது. ஒகாதாவில் ஆளுக்கு 10 ஹெக்டேர், நம் கணக்கில் 25 ஏக்கர். நிலம் சும்மா வரவில்லை. நீண்ட காலத் தவணையில் கட்டவேண்டிய கடன் அது. பலர் பூர்வீக நிலத்தை விற்றுவிட்டே வந்தார்கள். 1967-ல் முதல் அணி குடியேறியது, 1968-ல் முதல் சாகுபடி. 1974-ல் ஐந்தாம் அணி வந்து சேர்ந்தபோது மொத்தம் 580 குடும்பங்கள்.

சேறு அவர்களைச் சும்மா விடவில்லை. டிராக்டர் இறங்கினால் புதைந்தது. அதை இழுக்கப் போன இன்னொரு டிராக்டரும் புதைந்தது. விதையை ஹெலிகாப்டரிலிருந்து தூவிப் பார்த்தார்கள். முளைப்பு ஒரே சீராக வரவில்லை. கடைசியில் பழையபடி நாற்று விட்டு நடவுதான் கைகொடுத்தது. சில ஆண்டுகளில் மண் இறுகியது, விளைச்சல் ஏறியது. ஜப்பானிய விவசாயத்தின் முன்மாதிரி என்று அரசு பெருமையாகக் காட்டிய ஊரும் இதுதான்.

ஆனால் 1970-லேயே அதே அரசு நாடு முழுக்க நெல் சாகுபடிக் குறைப்பைக் கொண்டுவந்துவிட்டது. முதல் நடவு நட்டு இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது! ஜனங்கள் ரொட்டிக்கும் நூடுல்ஸுக்கும் மாறியிருந்தார்கள். கிடங்கில் அரிசி மலையாகக் குவிந்திருந்தது. 1942-ல் வந்த உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி விளைந்ததை அரசே வாங்கியாக வேண்டும். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் கஜானா கரைந்தது. குடியேற்றம் சில ஆண்டுகள் நின்றது. மறுபடி தொடங்கியபோது ஒப்பந்தமே வேறாக இருந்தது: நிலம் 15 ஹெக்டேர், அதில் ஏறக்குறையப் பாதியில்தான் நெல், மீதியில் கோதுமை, சோயா போன்ற மேட்டுப்பயிர்.

மேட்டுப்பயிருக்கு அங்கே மேடு ஏது? நேற்றுவரை ஏரியின் அடிமடியாக இருந்த களிமண். நீர் வடியாமல் வேர் அழுகும். நெல்லுக்கென்று பண்படுத்திய மண்ணில் சோயாவைப் போடு என்றால் அந்த மண் கேட்குமா? பலர் ஒதுக்கீட்டைத் தாண்டி நெல்லே நட்டார்கள். 1975-லும் 1978-லும் அவர்களுக்கு ஆணை வந்தது: கூடுதலாக நட்டதைப் பச்சையாகவே அறுத்துப்போடு. நெல் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்றங்கால், நடவு, களை, உரம் எல்லாம் முடிந்து, செலவும் முடிந்து, பலன் மட்டும் பாக்கி இருக்கிற பயிரில் அரிவாளை வைப்பது. வேற்று ஆள் வந்து அறுக்கவில்லை, நட்டவர்களே அறுத்தார்கள்.

அத்தோடு ஊர் இரண்டு பட்டது. ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு நடப்போம் என்றது ஒரு தரப்பு. என் நிலம், என் பயிர் என்றது இன்னொரு தரப்பு. மீறியவர்களில் சிலருடைய நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அரசு சொல்ல, வழக்கு நீதிமன்றப் படியேறியது. 1980-களில் ஊருக்கு வெளியே போகும் சாலைகளில் லாரிகளை மறித்து, ஒதுக்கீட்டுக்கு மேல் விளைந்த கள்ள அரிசி போகிறதா என்று சோதித்தார்கள். அரிசி விளைவிப்பதற்கென்றே பொதுப்பணத்தில் கட்டிய ஊரின் வாசலில் அரிசிக்குச் சோதனைச் சாவடி!

அரசுத் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு: நாடு முழுக்க விவசாயிகள் குறைக்கும்போது, கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவர்கள் மட்டும் விலக்குக் கேட்கலாமா? ஏரியை நம்பியிருந்த மீனவக் குடும்பங்களும், கரைக்கு வெளியே மிச்சமிருக்கும் ஏரிநீரில் பச்சைப்பாசி படர்வதைக் காட்டும் சூழலியலாளர்களும், ஏரியைத் தொட்டதே தப்பு என்பார்கள். அது தனிக் கட்டுரை.

எனக்கு இருக்கும் கவலை ஒன்றுதான். புதிதாக உண்டாக்கிய நிலத்தில் குடியேறுகிறவனுக்குப் பின்வாங்க இடமில்லை. சொந்த ஊர் நிலம் போய்விட்டது, தவணை ஓடுகிறது, காலடி மண்ணே பம்பை நம்பி இருக்கிறது. 1983-ல் ஜப்பான் கடல் பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது கரை பல இடங்களில் சேதமடைந்தது. அதையும் பொதுச்செலவில்தான் சீர்செய்ய முடிந்தது. இப்படி எல்லாவற்றுக்கும் அரசை நம்பி இருக்கிறவனிடம் 'இதை நடு, அதை நடாதே' என்று சொல்வது சுலபம். தாத்தா காலத்து அரை ஏக்கர் வைத்திருப்பவனிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அரிசி மிஞ்சுகிறது என்ற கணக்கும் நிலைக்கவில்லை. 1993-ல் கோடை குளிர்ந்து நாடு முழுக்க விளைச்சல் பொய்த்தது. தாய்லாந்திலிருந்து அரிசி இறக்கினார்கள். 1995-ல் அந்தப் பழைய உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டமே போனது. 2018-ல் அரசு ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்டது. 2024 கோடையில் ஜப்பானியக் கடைகளில் அரிசி அலமாரிகள் காலியாகின. மறுவருஷம் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகி, அரசு தன் அவசரக் கையிருப்பைத் திறந்துவிட்டது.

ஒகாதா இன்று நொடிந்துபோன ஊர் அல்ல. பலர் அரிசியை நுகர்வோருக்கு நேரடியாக விற்கிறார்கள். பிள்ளைகளும் வயலில் இறங்குகிறார்கள். அது அவர்களுடைய பிடிவாதத்துக்குக் கிடைத்த பலன், திட்டத்துக்கு அல்ல. ஏரியையோ சதுப்பையோ வற்றவைத்துக் குடியேற்றுகிறோம் என்று யாராவது விண்ணப்பப் படிவத்தை நீட்டினால், எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கு முன்னால், என்ன பயிர் வைப்பது என்பதை யார் முடிவு செய்வார்கள் என்று ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.