குழந்தையின் மண்டையோடு சீக்கிரம் மூடினால்…

பிறந்த குழந்தையின் மண்டையோடு பல எலும்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகளுக்கு நடுவே நார்த்திசு இணைப்புகள் உண்டு. மூளை வளர வளர, இணைப்பின் ஓரங்களில் புது எலும்பு படிந்து மண்டை விரியும். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு, ஏதோ ஓர் இணைப்பு கருவிலேயே எலும்பாக இறுகிவிடுகிறது. இதற்கு ‘கிரேனியோசினோஸ்டோசிஸ்’ என்று பெயர்.

வளரும் மூளை, திறந்திருக்கும் பக்கம் தள்ளும். உச்சி நடுவே ஓடும் இணைப்பு இறுகினால் தலை குறுகி, முன்னும் பின்னும் நீளும். அதிகம் வருவது இதுதான். நெற்றி இணைப்பு இறுகினால் நெற்றி முக்கோணமாகும். சில குழந்தைகளுக்கு மூளையில் அழுத்தம் கூடி பார்வை நரம்பே பாதிக்கப்படலாம்; அழகுப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

குளிப்பாட்டும்போது உருட்டிவிட்டால் சரியாகும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் வீடுகள் உண்டு. ஒரே பக்கம் படுத்துத் தட்டையான தலை, படுக்கும் பக்கத்தை மாற்றினாலே பெரும்பாலும் தேறிவிடும். இறுகிய இணைப்பு அப்படியல்ல. விரலால் தடவினால் அங்கே வரப்புபோல மேடு தட்டும். உச்சிக்குழி மூடவில்லையே என்று நிம்மதியடையவும் கூடாது.

காத்திருப்பதால் இழப்பது எளிய அறுவை சிகிச்சையை. அமெரிக்க மருத்துவர்கள் ஹிமெனெஸ், பரோன் இருவரும் 1998-ல் வெளியிட்ட எண்டோஸ்கோப் முறையை 3 மாத வாக்கில் செய்வது நல்லது. ஓரிரு சிறு கீறல்கள் வழியாக, இறுகிய எலும்பைப் பட்டையாக எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். பிறகு பல மாதங்கள், தினமும் 23 மணி நேரம் அளவெடுத்துச் செய்த ஹெல்மெட் அணிய வேண்டும். வெயில் காலத்தில் வியர்த்துத் தோல் சிவக்கும். பெற்றோருக்கு அது பெரும்பாடுதான்.

6 மாதம் தாண்டினால் எலும்பு தடித்துவிடும். அப்போது காதுக்குக் காது வளைந்து வளைந்து கீறி, எலும்புகளைக் கழற்றி, வெட்டி, புது வடிவில் அடுக்கி, உடலில் தானே கரையும் தகடுகளால் பொருத்துவார்கள். நரம்பியல் சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து பல மணி நேரம் செய்யும் வேலை. 8 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 600 மி.லி.தான், அதனால் பெரும்பாலும் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். தேர்ந்த கைகளில் பலன் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் குழந்தை படும் பாடு அதிகம்.

6, 10, 14 வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதே தலையையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் குழந்தைகள் நரம்பியல் சர்ஜனிடம் அந்த வாரமே காட்டுங்கள், சி.டி. ஸ்கேன் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.