குட்டையாகிவிடுவானா?

"பையன் பத்தாம் வகுப்பு. தண்டால் எடுக்கிறேன், கர்லாக்கட்டை சுற்றுகிறேன் என்கிறான். வளர்ச்சி நின்று குட்டையாகிவிட மாட்டானா?"

மண்டி வாசலில் ஒரு தோழர் என்னைக் கேட்டார். பதினைந்து வயதிலேயே மூட்டைக்குத் தோள் கொடுத்தவர் அவர். இன்று ஆறடி உயரம்! (அந்த வயதில் அவரைச் சுமக்க வைத்தது கொடுமை, அது வேறு கதை.)

இந்த அச்சம் அவருக்கு மட்டுமா? பட்டம் பெற்றவர்களுக்கும் உண்டு. வளரும் பிள்ளையின் எலும்பு முனையருகே மென்மையான குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கிருந்துதான். பாரம் அதை நசுக்கிவிடும் என்று எண்ணினார்கள். எண்ணினார்களே தவிர, மெய்ப்பித்தார்களில்லை! முறையாகக் கற்று, மேற்பார்வையில் செய்யும் வலுப்பயிற்சியால் உயரம் குறைவதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020-இல் எழுதிவிட்டது. முறை தெரியாமல், நாலு பேர் பார்க்கிறார்களே என்று மூச்சைப் பிடித்துத் தூக்குகிறானே, அவனுக்குத்தான் ஆபத்து.

சுவீடன் நாட்டுச் செய்தி ஒன்று கேளுங்கள். படைக்கு ஆளெடுக்கையில் 16 முதல் 19 வயது இளைஞர்களின் கைப்பிடி, முழங்கை, முழங்கால் வலிமையை அளந்து வைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்! ஏறத்தாழ 24 ஆண்டுகள் அவர்கள் வாழ்வைத் தொடர்ந்து பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். இளமையில் வலிமை மிக்கிருந்தவர்களிடையே 55 வயதுக்குள் மாண்டவர்கள் 20 முதல் 35 விழுக்காடு குறைவு. உடற்பருமனையும் இரத்த அழுத்தத்தையும் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான். தற்கொலைச் சாவும் குறைவு. வலிமை ஒன்றே காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல இது போதாது. அலட்சியம் செய்யவும் முடியாது.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு, வாரம் 3 நாளேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி — உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது. நடப்பு என்ன? 2016-ஆம் ஆண்டுக் கணக்கில், உலகில் 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் அந்த 60 நிமிடத்தை எட்டவில்லை. பெண்பிள்ளைகளில் 85!

"பெண்ணுக்கென்ன பஸ்கி?" என்கிறீர்களா? எலும்பின் வலுவில் பெரும்பங்கு இருபது வயதுக்குள் சேருகிறது. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் பாட்டிமாரைப் பார்த்ததில்லையா? அந்தச் சேமிப்பு அவளுக்குத்தான் அதிகம் தேவை.

பணம் வேண்டாம், பளபளக்கும் கூடம் வேண்டாம், டப்பாவில் அடைத்த பொடியும் வேண்டாம். தண்டால், பஸ்கி, கயிறேறுதல், கபடி போதும். சொல்லித்தர ஒருவர் வேண்டும். இடையிடையே ஓய்வு வேண்டும். வயிற்றுக்குப் பருப்பும் முட்டையும் வேண்டும்.

நான் படித்த பள்ளியில் வாரம் இரண்டு டிரில் பீரியடு உண்டு, அட்டவணையில்! ஒன்றைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். மற்றதில் மழை வரும். மழை வராத நாளில் பையன்களுக்குப் பந்து, பெண்களுக்கு மரத்தடி.

மண்டித் தோழரிடம் இதைச் சொன்னேன். "பையன் பள்ளியிலும் அப்படித்தானோ?" என்றார். திங்களன்று பெற்றோர் கூட்டமாம். டிரில் பீரியடு எத்தனை, நடப்பது எத்தனை, மகளுக்கு எத்தனை என்று கேட்கப் போகிறார்.