சென்னை காங்கிரஸுக்கு ஐரிஷ் எம்.பி. தலைமை தாங்கியது ஏன்? 86 சீட்டில் இருக்கு பதில்!

1894 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இந்தியர் இல்லை. பெயர் ஆல்ஃபிரட் வெப். அயர்லாந்தின் டப்ளினில் அச்சகம் நடத்தியவர், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். இங்கே இத்தனை தலைவர்கள் இருக்கும்போது அவர் எதுக்கு? 1885-ல் நடந்த ஒரு தேர்தலைப் பார்த்தால் புரியும்.

1885-ல் என்ன நடந்தது?

அயர்லாந்து அப்போது லண்டன் நாடாளுமன்றத்தின் கீழ் இருந்தது. 1884-ல் வந்த சட்டத்தால் கிராமத்து ஏழை ஆண்கள் பலருக்கும் ஓட்டு கிடைத்தது. பெண்களுக்கு இல்லை. 1872-லேயே ரகசிய வாக்குப்பதிவு வந்துவிட்டதால், நிலச்சுவான்தாருக்குப் பயப்படாமல் ஓட்டு போட முடிந்தது. விளைவு? சுயாட்சி கேட்ட பார்னெலின் கட்சிக்கு அயர்லாந்தில் 85, இங்கிலாந்தின் லிவர்பூலில் 1 என மொத்தம் 86 இடங்கள்.

86-ல் அப்படி என்ன விசேஷம்?

லிபரல் கட்சிக்கு 335. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 249. இந்த 249-உடன் 86-ஐக் கூட்டிப் பாருங்க, சரியா 335! ஐரிஷ்காரர்கள் சாயும் பக்கம்தான் ஆட்சி. 1886-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் அயர்லாந்து சுயாட்சி மசோதாவையே கொண்டுவந்தார். 343-க்கு 313 என அது தோற்றது. ஆனாலும் அந்தக் கோரிக்கையை இனி யாரும் ஒதுக்க முடியாது என்ற நிலை வந்தது.

இதுல இந்தியாவுக்கு என்ன?

அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஏரலையும் ஆண்டது அதே நாடாளுமன்றம்தான். ஆனால் இந்தியாவிலிருந்து அங்கே ஒரு எம்.பி.யைக்கூட தேர்ந்தெடுக்க முடியாது. ஏரல் பையன் ஒருவன் ஐ.சி.எஸ். ஆக ஆசைப்பட்டால், பரீட்சை எழுதவே கப்பலேறி லண்டன் போகணும்.

1892-ல் லண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் தாதாபாய் நவ்ரோஜி வெறும் 5 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மறு வருஷமே, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தணும் என்ற தீர்மானம் மக்களவையில் நிறைவேறியது. அரசு கண்டுகொள்ளவில்லை. இங்கே தேர்வு நடந்தது 1922-ல்தான்.

86 பேர் கேட்டால் மசோதா வருகிறது. ஒருவர் கேட்டால் தீர்மானம் காகிதத்தோடு நிற்கிறது. அதனால்தான் லண்டனில் குரல் கொடுக்கக்கூடிய ஐரிஷ் எம்.பி.க்களின் நட்பு காங்கிரஸுக்குத் தேவைப்பட்டது. வெப் சென்னைக்கு வந்த பின்னணி இதுதான்.

அப்புறம் என்ன ஆச்சு?

1916-ல் அன்னி பெசன்ட் சென்னையில் தொடங்கிய ஹோம் ரூல் இயக்கத்தின் பெயரே அயர்லாந்திலிருந்து வந்ததுதான். இன்று ஏரல் மக்கள் தூத்துக்குடி மக்களவைத் தொகுதிக்கு ஓட்டு போடுகிறார்கள். அன்று நவ்ரோஜி ஜெயித்தது 5 ஓட்டில். ‘என் ஒரு ஓட்டால என்ன ஆகப்போகுது’ என்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்க.