விழாவில் ராஜ மரியாதை. முடிவில் காயலான் கடை

புது தில்லி: டிசம்பர் 4-ஆம் தேதி நெருங்கினால் விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரை பல ஆண்டுகள் திருவிழாக் கோலம் பூண்டதுண்டு. 1971 போரில் இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதன் நினைவாகக் கொண்டாடப்படும் கடற்படை தினத்தையொட்டி, போர்க்கப்பல்கள் கரையோரம் வந்து சாகசம் காட்டுவது அங்கு வழக்கமாக இருந்தது. மாணவர்களும் பொதுமக்களும் கப்பல்களில் ஏறிப் பார்க்கவும் அனுமதிக்கப்படுவதுண்டு.

2016 பிப்ரவரியில் இதே கடலில் நடைபெற்ற சர்வதேச கடற்படை அணிவகுப்பில் சுமார் 50 நாடுகள் பங்கேற்றன. அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஐ.என்.எஸ். சுமித்ரா'வில் சென்று, வரிசையாக நின்ற கப்பல்களின் மரியாதையை ஏற்றார். அந்த வரிசையில் எல்லோரது பார்வையும் பதிந்த கப்பல்களுள் ஒன்று, விமானந்தாங்கிக் கப்பலான 'விராட்'.

பிரிட்டிஷ் கடற்படையில் 'ஹெர்மிஸ்' என்ற பெயரில் 1982 பாக்லாந்து போரில் ஈடுபட்ட இக்கப்பல், 1987-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 2017 மார்ச் 6-இல் ஓய்வு பெற்றது. அதை அருங்காட்சியகமாக மாற்ற ரூ.852 கோடித் திட்டத்துக்கு மகாராஷ்டிர அமைச்சரவை 2018-இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் திட்டம் கைகூடவில்லை. தன் வருவாயிலேயே இயங்கத்தக்க நிதித் திட்டம் எதுவும் வராததால் கப்பலை உடைக்க முடிவு செய்யப்பட்டதாக, 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு எழுத்துமூலம் தெரிவித்தது.

2020 செப்டம்பரில் குஜராத்தின் அலங் கடற்கரையில் விராட் கரையேற்றப்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோதிலும், அதற்குள் சுமார் 40 சதவீதம் உடைக்கப்பட்டுவிட்டதால் கப்பலைக் காப்பாற்ற இயலவில்லை. 1971 போரில் பங்கேற்ற பழைய 'விக்ராந்த்' கப்பலுக்கும் இதே கதிதான். மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்த அது, 2014-இல் ஏலம் போய் உடைக்கப்பட்டது.

விசாகப்பட்டினம் கடற்கரையிலேயே இதற்கு மாறான காட்சியும் உண்டு. 1969-இல் கடற்படையில் சேர்ந்து 2001-இல் ஓய்வு பெற்ற 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பல், 2002 ஆகஸ்ட் முதல் அங்கு மணல் மீது அருங்காட்சியகமாக நிற்கிறது. சுமார் 91 மீட்டர் நீளக் கப்பலைக் கரையேற்றி நிறுத்த ஆன செலவு சுமார் ரூ.5.5 கோடி. குறுகிய பாதைகளையும் ஒடுங்கிய படுக்கைகளையும் பார்வையாளர்களுக்கு விளக்குபவர்களும் ஓய்வு பெற்ற கடற்படையினரே. 'சபல்' ஏவுகணைப் படகும் கர்நாடகத்தின் கார்வார் கடற்கரையில் காட்சிக்கு உள்ளது.

சிறிய கப்பலைத் தரையில் நிறுத்திவிடலாம். விமானந்தாங்கிக் கப்பலுக்கோ ஆழமான நிரந்தரத் துறை வேண்டும். உப்புநீர் அரிக்கும் அடிப்பகுதியை அவ்வப்போது பழுதுபார்க்கவும் வேண்டும். இச்செலவை மத்திய அரசு ஏற்பதா, மாநில அரசு ஏற்பதா என்ற இழுபறியிலேயே காலம் கடந்துவிடுகிறது. அளவில் சிறியதானாலும் ஏற்பாடுகள் முழுமை பெறாவிட்டால் பயனில்லை. 'வாக்லி' நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் காட்சிக்கு வைக்கும் திட்டம் நிறைவேறாமல் போனது இதற்குச் சான்று.

கொச்சியில் கட்டப்பட்டு 2022-இல் சேர்க்கப்பட்ட புதிய விக்ராந்தும் ஒரு நாள் ஓய்வு பெறும். அதற்கான துறையையும் நிதியையும் இப்போதே ஒதுக்கினால், அடுத்த தலைமுறை அதைக் கடலோரத்தில் காணலாம். தவறினால் புகைப்படத்தில்தான்.