கோவென்ட்ரி சிட்டியின் வாடகைக் குடித்தனம்

2016-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி, தென்கிழக்கு லண்டனில் சார்ல்டன் கழகத்துக்கும் கோவென்ட்ரி சிட்டி கழகத்துக்கும் ஆட்டம் தொடங்கிய சற்றைக்கெல்லாம், ரசிகர்கள் அமர்ந்திருந்த வரிசைகளிலிருந்து நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் பன்றிப் பொம்மைகள் புல்தரையின்மீது வந்து விழுந்தன. அவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்தும் வரையில் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்து ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதே சம்பிரதாயமாக உள்ள இரு கட்சி ரசிகர்களும் அன்றைக்கு முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்து, ஒன்றாகச் சேர்ந்து எறிந்தார்கள். சார்ல்டன்காரர்களுக்குத் தங்கள் பெல்ஜியத்து முதலாளியின்மீது கோபம். கோவென்ட்ரிக்காரர்களுக்கோ, தங்கள் கழகத்தை வாங்கி வைத்திருந்த சிசு காபிடல் என்னும் லண்டன் முதலீட்டு நிறுவனத்தின்மீது கோபம்.

கால்பந்து ரசிகன் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைப்பவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் கோவென்ட்ரியில் நெடுங்காலம், கோல் விழுந்த விதத்தைப் பற்றிப் பேசியதற்குச் சற்றும் குறையாமல், குத்தகைப் பத்திரத்தையும் ஐந்தொகையையும் கடனுக்கு யார் யாருக்கு வட்டி கட்டுகிறார்கள் என்பதையும் பற்றி ரசிகர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாதம் ஏன் எழுந்தது, அதில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு நியாயம் உண்டு என்று விளங்கிக்கொள்ள வேண்டுமானால், கதையைச் சிசு வருவதற்கு வெகு முன்னாலிருந்தே தொடங்க வேண்டும். அப்படித் தொடங்காததுதான் அந்தச் சர்ச்சையில் பலர் செய்த பிசகு என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், சைக்கிளுக்கும் பிறகு மோட்டாருக்கும் பேர்போன தொழில் நகரம் கோவென்ட்ரி. அங்கே 1883-இல் சிங்கர் சைக்கிள் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கூடி ஆரம்பித்த குழுதான் 1898-இல் கோவென்ட்ரி சிட்டி என்று பெயர் பெற்றது. மறு வருஷமே ஹைஃபீல்ட் ரோடு என்ற தெருவை ஒட்டிய மைதானத்தில் குடியேறி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே ஆடியது. 1960-களில் ஜிம்மி ஹில் என்ற பயிற்சியாளர் வந்து சட்டையின் நிறத்தை வான்நீலமாக்கி, குழுவை முதல் பிரிவுக்கு உயர்த்தினார். 1967 முதல் 2001 வரையில் 34 வருஷங்கள் அது அந்தப் பிரிவிலிருந்து இறங்காமல் இருந்ததோடு, 1987-இல் டாட்டன்ஹாமை 3-2 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையையும் கொண்டுவந்தது. பெரிய கழகமென்று சொல்ல முடியாது; ஆனால் சொந்த மைதானத்தில், தன் சம்பாத்தியத்துக்குத் தானே எஜமானாக இருந்த கழகம்.

1990-களின் பிற்பகுதியில், தொலைக்காட்சிப் பணம் வெள்ளமாக வந்து பாய்ந்த நாளில், கழகத்தின் நிர்வாகிகளுக்கு ஒரு மகா மைதான ஆசை பிடித்துக்கொண்டது. 45,000 பேர் அமரக்கூடியதும், கூரையை இழுத்து மூடக்கூடியதும், புல்தரையையே வெளியே நகர்த்தக்கூடியதுமான ஓர் அரங்கம் திட்டமிடப்பட்டது. அது எழும்புமுன்பே ஹைஃபீல்ட் ரோடு வீடுகட்டும் கம்பெனிக்கு விற்கப்பட்டு, கழகம் தன் பழைய வீட்டிலேயே வாடகை கொடுத்து இருக்கலாயிற்று. அப்புறம் 2001-இல் முதல் பிரிவிலிருந்து இறக்கம் வந்தது. வருமானம் ஒரே அடியாக விழுந்தது. கடனோ அப்படியே நின்றது. பழைய மைதானத்தையும் கொடுத்தாகிவிட்டது, புதியதைக் கட்டவும் கையில் பணமில்லை என்ற நிலையில், நகரசபைதான் முன்வந்து, ஃபோல்ஸ்ஹில் என்ற இடத்தில் பழைய எரிவாயுத் தொழிற்சாலை இருந்த நிலத்தில், பக்கத்திலேயே ஒரு டெஸ்கோ பேரங்காடிக்கு இடம் விற்றுப் பணம் திரட்டி, 32,000-க்கு மேற்பட்டோர் அமரும் அரங்கத்தைக் கட்டி முடித்தது. நகலெடுக்கும் யந்திரம் செய்யும் ரிக்கோ என்ற ஜப்பானியக் கம்பெனி அதற்குத் தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. 2005 ஏப்ரல் 30-இல் ஹைஃபீல்ட் ரோடில் கடைசி ஆட்டம். டெர்பியை 6-2 என்று அடித்துவிட்டு, ஆகஸ்டில் கழகம் புது இடத்துக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்தது வாடகைக்கு என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. அரங்கத்தை நடத்துவதற்கென்று அமைந்த கம்பெனியில் பாதிப் பங்கு நகரசபைக்கு, மறு பாதி முதலில் கழகத்துக்கு என்றிருந்தது. கழகம் தன் நெருக்கடியில் 2003-ஆம் ஆண்டு அந்தப் பாதியையும் ஆலன் எட்வர்ட் ஹிக்ஸ் என்பவர் பெயரிலுள்ள உள்ளூர்த் தர்ம ஸ்தாபனத்துக்கு விற்றுவிட்டது, பின்னால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையை மட்டும் பத்திரத்தில் வைத்துக்கொண்டு. அதன்பின் வருஷத்துக்குச் சுமார் 13 லட்சம் பவுண்ட் வாடகை. மைதானம் தன்னுடையதாக உள்ள கழகத்துக்கு டிக்கெட் வசூலோடு நின்றுவிடுவதில்லை வரும்படி. இடைவேளையில் விற்கும் பீரும் பண்டமும், கார் நிறுத்துகிற கட்டணமும், அரங்கின் பெயரை விற்ற தொகையும், ஆட்டமில்லாத நாளில் நடக்கும் கச்சேரியும் கண்காட்சியும் எல்லாம் அதன் கல்லாவில்தான் விழும். கோவென்ட்ரியில் சனிக்கிழமை தோறும் கூட்டத்தைக் கூட்டுவது கழகம். அந்தக் கூட்டம் தின்று குடிக்கும் காசோ அரங்கக் கம்பெனிக்கு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் குழு முதல் பிரிவுக்குத் திரும்பினால் ஒழிய நஷ்டம் நின்றிருக்க வழியில்லை, குழுவோ திரும்பவில்லை.

2007 டிசம்பரில், திவாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கழகத்தைக் கடைசி நேரத்தில் கைதூக்கி எடுத்தது சிசு. அப்போது ரசிகர்கள் அதை வரவேற்றார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் முதலீட்டு நிறுவனத்தின் கணக்கு வேறு மாதிரியானது: வீழ்ந்துகிடக்கும் சொத்தை மலிவாக வாங்கி, நிமிர்த்தி, விற்று ஆதாயம் பார்ப்பது அதன் தொழில். அந்தக் கணக்குப்படி, மைதானமில்லாத கழகத்துக்கு விலையில்லை. 2012-இல் குழு மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது; அதே ஆண்டு ஏப்ரலில் வாடகை கொடுப்பதும் நின்றது. வாடகையை 4 லட்சம் பவுண்டாகக் குறைத்துக்கொள்ள அரங்கக் கம்பெனி முன்வந்தும் பேச்சு முறிந்தது. 2013 ஜனவரியில் நகரசபை, அரங்கக் கம்பெனி வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கடனைத் தானே அடைத்து, 144 லட்சம் பவுண்டைப் புதிய கடனாகக் கொடுத்துக் கம்பெனியைத் தாங்கிப் பிடித்தது. பொதுப்பணத்தை இப்படிக் கொடுத்தது சட்டவிரோதம் என்று சிசு வழக்குப் போட்டது. 2014 ஜூனில் நீதிபதி ஹிக்கின்பாட்டம் அதைத் தள்ளுபடி செய்ததோடு, வாடகையை நிறுத்தியது அரங்கக் கம்பெனியை நெருக்கி அதன் பங்கை மலிவாக்கும் உத்தியின் ஒரு பகுதி என்றும் கண்டார்.

ரசிகர்கள் பிளவுபட்டது இங்கேதான். ஒரு சாரார், முதலாளி போனாலன்றிக் கழகம் பிழைக்காது, ஆகவே இனி ஒரு காசும் கொடுப்பதில்லை என்று சபதம் செய்து, டிக்கெட்டும் சட்டையும் வாங்குவதை விட்டார்கள். மற்றொரு சாரார், ஆடுகிற பையன்கள் என்ன பாவம் செய்தார்கள், நாம் போகாவிட்டால் கழகமே மூடிவிடுமே என்று போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாகச் சிறிய கட்சியொன்று, நகரசபை மட்டும் என்ன யோக்கியம், கழகத்தால் தாங்க முடியாத வாடகையை வருஷக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததே என்று கேட்டது. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவர்கள் முதலாளியின் கைக்கூலிகள் என்று வசைபட்டார்கள். ஆயினும் அது கேட்கத்தக்க கேள்வியே. ஸ்கை புளூ டிரஸ்ட் என்னும் ரசிகர் சங்கம் இந்தச் சச்சரவுகளுக்கு நடுவே எல்லாத் தரப்பாரிடமும் தகவல் கேட்டுக் கேட்டு அலைந்தது.

2013 மார்ச்சில் நிலைமை உச்சத்துக்குப் போயிற்று. கழகம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது காகிதத்தில் பல கம்பெனிகள்: ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் ஒன்றிடம், லீக்கில் சேர்ந்து ஆடும் உரிமையைத் தரும் பங்கு இன்னொன்றிடம் என்றெல்லாம் சிதறிக்கிடந்ததில், எந்தக் கம்பெனி நொடித்தது, எது நொடிக்கவில்லை என்று தீர்மானிக்கவே நொடிப்பைக் கவனிக்க நியமிக்கப்பட்ட நிர்வாகி திண்டாடினார். அந்த மார்ச்சில் 10 புள்ளிகளும், அரங்கக் கம்பெனி சமரசத்துக்கு இணங்காததால் அடுத்த பருவத் தொடக்கத்தில் மறுபடியும் 10 புள்ளிகளும் வெட்டப்பட்டன. கடைசியில் சிசுவைச் சார்ந்த வேறொரு கம்பெனியே கழகத்தை வாங்கிக்கொண்டு, சுமார் 35 மைலுக்கு அப்பாலுள்ள நார்தாம்ப்டனுக்கு அதை ஆட அனுப்பியது.

நார்தாம்ப்டனின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானம் எட்டாயிரம் பேருக்கும் போதாத சின்ன இடம், அதுவும் நிரம்பவில்லை. முந்திய வருஷம் 10,000 பேருக்கு மேல் வந்த ஆட்டங்களுக்கு இப்போது 2,000 பேர் சொச்சமே வந்தார்கள். அரங்குக்கு வெளியே ஒரு புல்மேடு உண்டு. அதன்மேல் நின்றால் ஆடுகளத்தின் ஒரு பாகம் தெரியும். சபதம் எடுத்தவர்கள் மழையிலும் குளிரிலும் அந்த மேட்டில் ஏறி நின்று, காசு கொடுக்காமல், தெரிந்த அளவு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்; மேட்டுக்குப் பழைய பயிற்சியாளரின் ஞாபகமாக ஜிம்மியின் குன்று என்று பெயரும் இட்டார்கள். உள்ளே சென்றவர்கள் இவர்களைத் தாண்டித்தான் செல்ல வேண்டும். 2014 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பைக்காக லண்டனில் ஆர்சனலோடு மோதியபோதுதான் இரு சாராரும் ஒன்றாக அமர்ந்தார்கள். 35 மைலைக் குறிக்க 35-ஆவது நிமிஷத்தில் அத்தனை பேரும் ‘ஏன்?’ என்றெழுதிய அட்டைகளை உயர்த்திப் பிடித்தார்கள்.

உடன்படிக்கை ஏற்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பரில் கழகம் ஊர் திரும்பியது. கில்லிங்ஹாமை எதிர்த்து நடந்த முதல் ஆட்டத்துக்கு 27,306 பேர் வந்தார்கள். அந்த மகிழ்ச்சி இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. வாஸ்ப்ஸ் என்னும் ரக்பி கழகம், லண்டனைச் சேர்ந்தது, சொந்த இடமில்லாமல் அலைந்துகொண்டிருந்தது. நகரசபையும் தர்ம ஸ்தாபனமும் தத்தம் பாதியை ஆளுக்கு 27.7 லட்சம் பவுண்டுக்கு அதனிடம் விற்றன. மேற்கொண்டு 10 லட்சம் வாங்கிக்கொண்டு குத்தகையும் 250 வருஷங்களுக்கு நீட்டிக் கொடுக்கப்பட்டது. கோவென்ட்ரியின் கால்பந்துக்கென்று கட்டிய அரங்கம் வெளியூர் ரக்பிக்காரர்களுக்குச் சொந்தம். உள்ளூர்க் கால்பந்துக் கழகம் அவர்களுக்குக் குடித்தனக்காரன். இந்த விற்பனையையும் எதிர்த்துச் சிசு மீண்டும் வழக்காடியது. வழக்கை விட்டால்தான் இடம் என்று வாஸ்ப்ஸ் சொன்னது. 2019-இல் கழகம் மறுபடியும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பர்மிங்ஹாமுக்குப் போய் இரண்டு பருவங்கள் ஆடியது. அதிசயம் என்னவென்றால், 2017-இல் நான்காம் பிரிவு வரை இறங்கிவிட்ட குழு, மார்க் ராபின்ஸ் என்ற பயிற்சியாளரின் கீழ் அடுத்த வருஷமே ஏறி, பர்மிங்ஹாமில் இரவல் இடத்தில் இருந்தபடியே 2020-இல் மூன்றாம் பிரிவின் பட்டத்தையும் வென்று இரண்டாம் பிரிவுக்கு வந்துவிட்டது.

வாஸ்ப்ஸோ 350 லட்சம் பவுண்டுக்குக் கடன் பத்திரம் விற்று, அதைத் திருப்பித் தர முடியாமல், 2022 அக்டோபரில் நொடித்துப்போயிற்று. மைதானம் வைத்திருப்பதே செல்வம் என்ற வாதத்தை அப்படியே நம்பியவர்கள் இந்த இடத்தில் சற்று யோசிக்க வேண்டும்: கடனை ஏற்றி வாங்கிய அரங்கம் அந்த ரக்பி கழகத்தைக் காப்பாற்றவில்லை. மைக் ஆஷ்லியின் ஃப்ரேஸர்ஸ் நிறுவனம் அரங்கத்தை 170 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் டக் கிங் என்ற தொழிலதிபர் சிசுவிடமிருந்து கழகத்தை வாங்கினார். 2023 ஜனவரியில் அது முழுவதும் அவர் கைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் அவரே ஃப்ரேஸர்ஸிடமிருந்து அரங்கத்தையும் வாங்கினார்.

கழகமும் அரங்கமும் ஒரே மனிதர் கையில் சேர்ந்ததும் வாதம் முடிந்துவிட்டது என்று நினைப்பதற்கில்லை. ஒரே மனிதர் என்பதும் ஒரே கம்பெனி என்பதும் வேறு. டெர்பி கௌண்டி 2018-இல் தன் மைதானத்தைத் தன் முதலாளிக்கே 800 லட்சம் பவுண்டுக்கு விற்று, கணக்கில் லாபம் காட்டியது. நஷ்டத்துக்கு லீக் விதித்திருந்த வரம்பைத் தாண்டாதிருக்க அந்த வழி அப்போது திறந்திருந்தது. ஷெஃபீல்ட் வென்ஸ்டேயும் ஹில்ஸ்பரோ மைதானத்தை இப்படியே முதலாளியின் வேறொரு கம்பெனிக்கு மாற்றி, அந்த விற்பனையைத் தவறான வருஷக் கணக்கில் எழுதியதற்காகப் புள்ளிகள் இழந்தது. 2025 அக்டோபரில் அந்தக் கழகமும், மைதானத்தை வைத்திருந்த கம்பெனியும் இரண்டுமே நொடித்து நிர்வாகிகள் வசம் போயின. பின்னாளில் லீக் அந்த ஓட்டையை அடைத்துவிட்டாலும், மைதானம் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்கிற பழக்கத்தை ரசிகர்கள் விட்டுவிடவில்லை.

2025 ஜூலையில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் நிறைவேற்றிய கால்பந்து நிர்வாகச் சட்டம் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்ல முயல்கிறது. மேல் ஐந்து பிரிவுகளிலுள்ள எந்தக் கழகமும், புதிதாக அமைந்த சுதந்திரமான ஒழுங்குமுறை அதிகாரியின் அனுமதி இல்லாமல் தன் மைதானத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, வேறு ஊருக்குக் குடிபெயரவோ இனிக் கூடாது. ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வேண்டிய விஷயங்களையும் அது பட்டியலிடுகிறது. 1990-களின் கடைசியில் இப்படியொரு சட்டம் இருந்திருந்தால், புது அரங்கத்துக்கு அஸ்திவாரம் போடுமுன்பே பழைய மைதானத்தை விற்றதற்கு யாராவது ஒருவர் காரணம் கேட்டிருப்பார். முதலாளியின் வேறொரு கம்பெனியின் பெயரில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டுவிட்ட மைதானங்களைக் கழகத்தின் பெயருக்குத் திருப்பித் தரும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த அந்தச் சட்டம் முற்படவில்லை.