மின்கலம் போதுமா? நகல் எடுக்குமுன் ஒரு கணக்கு

மடிக்கணினியில் சேர்த்து வைத்திருக்கும் பாடக் குறிப்புகளையும் படங்களையும் வெளி வன்தட்டு ஒன்றில் நகல் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஆனால், வீட்டில் மின்சாரம் இல்லாத வேளையில் மின்கலத்தை மட்டும் நம்பி இந்த வேலையைத் தொடங்கலாமா? தொடங்கலாம், அதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு சுமை

கையடக்க வன்தட்டுக்குள் பொதுவாக மின்கலம் கிடையாது. அதனுள் நிமிடத்துக்கு 5400 முறை போன்ற வேகத்தில் தட்டு சுழல்கிறது. அதற்கு வேண்டிய மின்சாரமும் கணினியிலிருந்து யூ.எஸ்.பி. வடம் வழியாகவே செல்கிறது. யூ.எஸ்.பி. 2.0 துறை 5 வோல்ட் அழுத்தத்தில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட் தரும். யூ.எஸ்.பி. 3.0 துறை 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட் வரை தரும். ஆகவே நகல் எடுக்கும்போது கணினியின் மின்கலம் தன்னையும் தாங்கி, வன்தட்டையும் தாங்க வேண்டியிருக்கிறது.

கணக்கு இதுதான்

மின்கலத்தின் மேல் 11.4 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 11.4 × 4.4 = ஏறத்தாழ 50 வாட்-மணி. இப்போது அதில் 60 சதவீதம் மின்னூட்டம் இருந்தால், கையிருப்பு 30 வாட்-மணி.

நகல் எடுக்க வேண்டியது 200 ஜிகாபைட். கணினியும் தட்டும் சேர்ந்து 20 வாட் செலவழிக்கின்றன என்போம். யூ.எஸ்.பி. 3.0 வழியே நொடிக்கு 100 மெகாபைட் சென்றால் 2000 நொடி, அதாவது சுமார் 33 நிமிடம் ஆகும். செலவு 11 வாட்-மணி. யூ.எஸ்.பி. 2.0 வழியே நொடிக்கு 30 மெகாபைட்தான் சென்றால் சுமார் 111 நிமிடம்; செலவு 37 வாட்-மணி. முதல் வேலை முடியும். இரண்டாவது பாதியிலே நிற்கும். வேகம் குறைந்தால் நேரம் மட்டுமல்ல, மின்சாரமும் கூடுதலாகச் செலவாகிறது! பழைய மின்கலம் எழுதியுள்ள அளவைத் தாங்காது என்பதையும், சிறு சிறு கோப்புகள் ஏராளமாக இருந்தால் வேகம் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

பாதியில் நின்றால் என்ன?

நகல் மட்டும்தான் எடுக்கிறோம். ஆகவே கணினியில் உள்ள மூலக் கோப்புக்குப் பொதுவாக ஆபத்து இல்லை. ஆபத்து, வெளித்தட்டில் ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்குத்தான். எப்படி?

ஒரு நூலகத்தை எண்ணிப் பாருங்கள். புதிய நூல்களை அடுக்கில் வைத்தால் போதாது. எந்த நூல் எங்கே என்று பதிவேட்டிலும் எழுத வேண்டும். வன்தட்டிலும் அத்தகைய பதிவேடு உண்டு. அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால், பழைய கோப்புகள் இருக்கும் இடமும் குழம்பிவிடலாம். என்.டி.எஃப்.எஸ். போன்ற அமைப்புகள் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றன. பின்னர் அதைப் பார்த்துப் பதிவேட்டைச் சரிசெய்கின்றன. வெளித்தட்டுகளில் பரவலாக உள்ள எக்ஸ்ஃபேட் அமைப்பில் இக்குறிப்பேடு இல்லை.

தட்டுக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு உண்டு. மின்சாரம் நின்றதும், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் மோட்டாரே ஒரு நொடி மின்னாக்கியாக மாறி, எழுது முனையைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்கிவிடுகிறது. தட்டில் கீறல் விழாது. ஆனால் எழுதாமல் விட்ட செய்தியை அதனால் எழுதித் தர முடியாது.

செய்ய வேண்டியவை

எல்லாவற்றையும் எடுக்கும் முதல் நகலைச் சுவர் மின்சாரத்தில் எடுங்கள். மாறிய கோப்புகளை மட்டும் சேர்க்கும் அடுத்த நகல்களுக்கு மின்கலம் பெரும்பாலும் போதும். தேவையைப் போல இரு மடங்கு கையிருப்பு இருந்தால் துணிந்து தொடங்கலாம். இடையில் கணினியை மூடினால் அது உறங்கிவிடும், திறந்தே வையுங்கள். வேலை முடிந்ததாகத் திரை காட்டினாலும், சில செய்திகள் கணினியின் நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். ஆகவே தட்டைப் பாதுகாப்பாக விலக்கும் கட்டளையைக் கொடுத்த பின்னரே வடத்தைக் கழற்றுங்கள்.

உங்கள் வீட்டு மடிக்கணினியின் மின்கலத்தில் எத்தனை வாட்-மணி? இன்றே கணக்கிட்டுப் பாருங்கள்.