உங்களுக்குத் தெரியுமா? பனிக்குட நீர்ப் பரிசோதனை

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் சுகப்பிரசவம் வேண்டி மலைக்கோட்டை தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்வார்கள். காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாத பெண்ணுக்கு இறைவனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். ஸ்கேனில் சந்தேகம் என்று சொல்லி, ஊசி மூலம் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லும் நாளிலும் பக்கத்தில் ஒரு துணை வேண்டும். தனியாகப் போகாதீர்கள்.

பனிக்குட நீரை 15 வாரம் முடிந்த பிறகுதான் எடுப்பார்கள். அதற்கு முன்பு, 11-14 வாரத்தில் என்றால் நச்சுக்கொடியிலிருந்து திசு. ஸ்கேனில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை வயிற்றில் செலுத்தி 15-20 மி.லி. நீர் எடுப்பார்கள், சில நிமிட வேலை. மாதவிலக்கு வலி போல அடிவயிறு இழுத்துப் பிடிக்கலாம். எடுத்த நீர் தானாக ஊறிவிடும். கருச்சிதைவு அபாயம் 200-ல் ஒன்றுக்கும் குறைவு என்கிறார்கள் மருத்துவர்கள். டவுன் சிண்ட்ரோம் பற்றிய முதற்கட்ட முடிவு சில நாளில் வரும். முழு முடிவுக்கு 2-3 வாரம். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி பற்றிக் கேளுங்கள். நீர்க்கசிவு, ரத்தப்போக்கு, காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

இத்தகைய பரிசோதனைகளுக்கான 1994-ம் ஆண்டுச் சட்டப்படி, பக்கவிளைவுகளை விளக்கி, உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்துபூர்வ சம்மதம் பெற்று, அதன் நகலையும் தர வேண்டும். தமிழில் கேட்டு வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆணா பெண்ணா என்பதை மட்டும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.